ககன் பிறந்த கதை: ஒரே விமானம், இரண்டு உயரம்

ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 107 மீட்டர், அதாவது 350 அடி உயரத்தில் உள்ளது. நான்கு பேர் அமரும் ஒரு செஸ்னா விமானம் அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய காற்றழுத்தத்தைச் சரியாகத் திருப்பி வைத்தால், அதன் ஆல்டிமீட்டர் முள் 350 அடியை ஒட்டி நிற்கும். அதே காக்பிட்டில், செயற்கைக்கோள் கணக்கை எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வைத்தால், அது காட்டும் உயரம் 20 மீட்டரைக்கூட எட்டாது. அந்தக் கருவியைச் சென்னை மெரினா மணலுக்குக் கொண்டுபோனால், நாம் கடல்மட்டத்துக்குக் கீழே எண்பது, தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் நிற்பதாகச் சொல்லும்.

இரண்டு கருவியிலும் பழுது இல்லை. ஒன்று காற்றின் எடையை வைத்து உயரம் சொல்கிறது. மற்றது இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ரேடியோ அலையின் நேரத்தை வைத்துச் சொல்கிறது. கேள்விகள் வேறு, ஆகவே விடைகளும் வேறு. ஆனால் மேகத்துக்குள் ரன்வேயைத் தேடி இறங்கும் விமானிக்கு, எந்த விடையை எப்போது நம்புவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். செயற்கைக்கோள் சொல்லும் உயரத்தையும் நம்பித் தரையிறங்கலாம் என்ற நிலையை இந்திய வானத்தில் கொண்டுவந்த அமைப்புக்குப் பெயர் ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. அது பிறந்த கதையைச் சொல்ல, சித்தூர், திருப்பதி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையின் பெரிய இடையூறு இந்த வட்டாரத்து வானத்தில்தான் இருக்கிறது. அதன் பெரிய இழப்பும் இங்கிருந்து கிளம்பிய ராக்கெட்டில்தான் நேர்ந்தது.

காற்றை எடைபோட்ட கருவி

மூத்த கருவியிலிருந்து தொடங்குவோம். 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் புய் தெ தோம் என்ற மலைமேல், பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரின் பெரியே பாதரசக் குழாயுடன் ஏறினார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மேலே போகப்போகக் காற்றின் எடை குறைகிறது என்பதற்கு அதுவே கண்கண்ட சாட்சி. 1844-இல் லூசியன் விதி என்ற பிரெஞ்சுக்காரர் பாதரசமே தேவையில்லாத காற்றழுத்தமானியைச் செய்தார். இன்றைய ஆல்டிமீட்டரின் இதயம் அதுதான்.

செஸ்னாவின் ஆல்டிமீட்டரைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே காற்றை உறிஞ்சியெடுத்து மூடிய மெல்லிய உலோகச் சிமிழ்கள் அடுக்காக இருக்கும். விமானம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். சிமிழ் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி மெல்ல உப்பும். அந்த உப்பல் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற நுண்ணிய பற்சக்கரங்கள் அதைப் பெருக்கி முள்ளுக்குக் கொண்டுபோகின்றன. முகப்பில் ஒரு சிறு ஜன்னலும், கீழே இடது மூலையில் ஒரு திருகும் உண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பால் கோல்ஸ்மன் 1928-இல் தொடங்கிய நிறுவனம் இந்த வகைக் கருவியைச் செம்மைப்படுத்தியது. 1929 செப்டம்பர் 24 அன்று, ஜிம்மி டூலிட்டில் மூடி போட்ட காக்பிட்டுக்குள் உட்கார்ந்து, வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார். அவர் முன்னால் இருந்த கருவிகளில் கோல்ஸ்மன் ஆல்டிமீட்டரும் ஒன்று.

அந்தச் சிறு ஜன்னலில் அன்றைய உள்ளூர் அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் கணக்கில் வைக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் அதைச் சொல்லும், விமானிகள் கியூ.என்.ஹெச். என்பார்கள். தாழ்ந்த உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரம் சுமார் 27 அடி பிசகும். வங்கக்கடலில் புயல் சின்னம் நெருங்கி அழுத்தம் 1010-லிருந்து 1000-க்கு இறங்கிய நாளில், பழைய எண்ணையே வைத்திருக்கும் விமானி தான் இருப்பதைவிட 270 அடி மேலே இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்.

அழுத்தத்தைச் சரியாக வைத்தாலும் வெப்பம் என்று ஒன்று மிச்சமிருக்கிறது. ஆல்டிமீட்டருக்கு வெப்பநிலை தெரியாது. கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும் என்ற ஒரு மாதிரி வளிமண்டலத்தை வைத்துத்தான் அதன் முகப்பே அளவிடப்பட்டிருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் மே மாதப் பிற்பகலுக்கும் அந்த மாதிரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 40 டிகிரியில் காற்று விரிந்து கிடக்கிறது. அதே அழுத்த வித்தியாசத்துக்கு இன்னும் அதிக உயரம் ஏற வேண்டியிருக்கிறது. மாதிரியைவிட 10 டிகிரி கூடினால், காட்டும் உயரத்தைவிட உண்மை உயரம் 4 சதவீதம் அளவுக்குக் கூடும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. ஆகவே கோடைப் பிற்பகலில் ரேணிகுண்டாவின் அழுத்தத்தை வைத்துக்கொண்டு ஆல்டிமீட்டரில் 3,500 அடியில் பறக்கும் சிறிய விமானம், உண்மையில் 3,750 அடியை ஒட்டியிருக்கும். பக்கத்திலிருக்கும், கடல்மட்டத்துக்குத் திருத்திக் காட்டும் ஜி.பி.எஸ். அதைத்தான் காட்டும். புதிதாகப் பறக்கக் கற்பவர்கள் இதைப் பார்த்து ஆல்டிமீட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணுவது உண்டு. கெடவில்லை; வெயிலைக் கணக்கில் எடுக்க அதற்கு வழியில்லை, அவ்வளவுதான். மார்கழி விடியற்காலையில் இதே இடத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடும். லடாக் போன்ற மலைநாட்டின் கடுங்குளிரில் அது தலைகீழாகிறது: முள் காட்டுவதைவிட விமானம் தாழ்வாகப் பறக்கும். மலைகளுக்கு நடுவே அதுதான் ஆபத்து.

எந்தக் கடல்மட்டம்?

இளைய கருவிக்கு வெயிலும் இல்லை, புயலும் இல்லை. நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலைகள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று கணக்கிட்டு, பூமியின் மையத்தை வைத்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்று கேட்க வேண்டும். ஜி.பி.எஸ். எடுத்துக்கொள்வது டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற, துருவங்களில் சற்றே தட்டையான வழவழப்பான கணித உருண்டையை. உண்மையான கடல்மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. பூமிக்குள் பொருள் எங்கே அடர்த்தி, எங்கே தளர்வு என்பதற்கேற்ப ஈர்ப்பு மாறுகிறது. ஈர்ப்புக்கேற்பக் கடல்நீரும் மேடு பள்ளமாக நிற்கிறது.

அந்தப் பள்ளங்களில் உலகிலேயே ஆழமானது நம் பக்கத்தில் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கடல்மட்டம் அந்தக் கணித உருண்டையைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. டச்சு புவியியற்பியலாளர் வெனிங் மைனெஸ் 1948-இல் கப்பலில் செய்த ஈர்ப்பு அளவீட்டில் இது தெரியவந்தது. பழைய டெதிஸ் கடலின் அடித்தட்டுகள் பூமிக்குள் அமிழ்ந்ததும், அதனால் கிளம்பிய சூடான பாறைக் குழம்பின் எழுச்சியும் இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கம் கொடுத்தார்கள். இந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தென்னிந்தியா முழுவதும் இருக்கிறது. திருப்பதி வட்டாரத்தில் கடல்மட்டத்துக்கும் கணித உருண்டைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர். செஸ்னாவின் ஜி.பி.எஸ். 20 மீட்டருக்குள் காட்டிய மர்மம் இதுதான்.

விமானங்களுக்கென்று செய்யப்படும் ஜி.பி.எஸ். கருவிகளில் இந்த வேறுபாட்டின் உலக வரைபடம் உள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும். அவை கழித்துக் கூட்டிக் கடல்மட்ட உயரத்தைக் காட்டும். 1998 ஜனவரி 1 முதல் உலக விமானப் போக்குவரத்து முழுவதற்கும் டபிள்யூ.ஜி.எஸ்.-84 பொது அளவுகோல் ஆனது. விமான நிலையங்களின் ரன்வே முனைகள் அந்த உருண்டையை வைத்துப் புதிதாக அளக்கப்பட்டன. பின்னால் பிறக்கப்போகும் ககனுக்கு இது அடித்தளம். செயற்கைக்கோளை வைத்து ரன்வேக்கு வரையும் சரிவுப் பாதை கடல்மட்டத்தையே கேட்பதில்லை. விமானமும் ரன்வே முனையும் அந்த ஒரே உருண்டையிலிருந்து அளக்கப்பட்டிருந்தால் போதும்.

தலைக்கு மேலே மட்டும் கோள்கள்

இத்தனை இருந்தும் வெறும் ஜி.பி.எஸ். உயரத்தை நம்பி யாரும் தரையிறங்கவில்லை. அதற்கு முதல் காரணம் வடிவக் கணக்கு. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்று பக்கவாட்டில் இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாத் திசையிலும் செயற்கைக்கோள்கள் உண்டு. ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கம் சரிக்கட்டும். உயரத்துக்கு அந்த வசதி இல்லை. கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே. காலுக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் உயரத்தில் வரும் பிழை பக்கவாட்டுப் பிழையைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். விமானிக்கோ உயரத்தில்தான் துல்லியம் அதிகம் வேண்டும். ரன்வேக்கு முப்பது மீட்டர் பக்கவாட்டில் தவறினால் ஓடுபாதை தவறும். முப்பது மீட்டர் கீழே தவறினால் தரையில் மோதும்.

இரண்டாவது காரணம் நம்பகம். ஒரு கோளின் கடிகாரம் பிசகினால், அது பிசகிவிட்டது என்று ஜி.பி.எஸ். சமயத்தில் சொல்லாமல் போகலாம். அது தெரியவர நேரமாகும். தரையிறங்கும் விமானத்துக்கு அந்த நேரம் கிடையாது.

இந்த இரண்டுக்கும் அமெரிக்கா கண்ட வழி, 2003-இல் சேவைக்கு வந்த வாஸ் அமைப்பு. இடம் துல்லியமாகத் தெரிந்த தரை நிலையங்களில் ஜி.பி.எஸ். வாங்கிகளை வைப்பார்கள். நிலையம் எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும் என்பதால், ஜி.பி.எஸ். சொல்வதில் எவ்வளவு பிழை என்று உடனே கணக்கிடலாம். அந்தத் திருத்தத்தை ஒரு புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பினால், அது ஜி.பி.எஸ். அலைவரிசையிலேயே விமானங்களுக்கு ஒலிபரப்பும். ஜப்பானின் எம்சாஸும் ஐரோப்பாவின் எக்னாஸும் இதே வழியில் வந்தன. அதையே வாங்கி இந்தியாவில் பொருத்தினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் நம் வானம் குறுக்கே வந்தது.

காதங்கியின் வானம்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில், பாகாலா பக்கம் காதங்கி என்று ஓர் ஊர். அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் எம்.எஸ்.டி. ரேடார் மையமாகத் தொடங்கி, 2005-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. சுமார் 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு சதுர நிலத்தில், 32 வரிசையாக, வரிசைக்கு 32 இடமாக, 1,024 இடங்களில் யாகி ஆன்டெனாக்கள் நட்டு வைத்திருக்கிறார்கள். பழைய வீட்டு மொட்டைமாடிகளில் தூர்தர்ஷனுக்காக நிறுத்திய ஆன்டெனாவின் அதே குடும்பம். 53 மெகாஹெர்ட்ஸில் அவை ஒன்றாக மேல்நோக்கி அனுப்பும் அலை, காற்றிலும் அயனமண்டலத்திலும் பட்டுத் திரும்புகிறது.

காதங்கியில் 2006 முதல் மாலை ஐந்தரை மணி வாக்கில் பலூன் விடும் வழக்கமும் உண்டு. பலூனின் கீழே கையடக்கமான ரேடியோசோண்ட் பெட்டி தொங்கும். அதில் வெப்பம், ஈரப்பதம் அளக்கும் உணரிகளும் ஒரு ஜி.பி.எஸ். வாங்கியும் இருக்கும். பலூன் மேலே போகப்போகப் பெருத்து, முப்பது கிலோமீட்டர் அளவில் வெடிக்கும். இப்போது உலகெங்கும் விடப்படும் பல ரேடியோசோண்டுகளில் அழுத்தமானியே கிடையாது. ஜி.பி.எஸ். சொல்லும் உயரத்தையும், அளந்த வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். காக்பிட்டில் அழுத்தத்திலிருந்து உயரம். பலூனில் உயரத்திலிருந்து அழுத்தம். இரண்டையும் இணைக்கும் சமன்பாடு ஒன்றே. விமானியிடம் இல்லாமல் பலூனிடம் இருப்பது ஒன்றுதான்: கீழிருந்து மேல்வரை காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்ற தகவல்.

ககனின் சிக்கல் இந்தப் பலூன் எட்டாத உயரத்தில் இருந்தது. நூறு கிலோமீட்டர் வாக்கிலிருந்து மேலே, சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. இதுதான் அயனமண்டலம். அந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குள் புகுந்து வரும் ஜி.பி.எஸ். அலை தாமதப்படுகிறது, தாமதம் தூரமாகக் கணக்காகி, உயரம் பிசகுகிறது. அமெரிக்க, ஐரோப்பிய அட்சரேகைகளில் இந்த எலக்ட்ரான் திரை பெரும்பாலும் சீரானது. 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு மெல்லிய ஓடு இருப்பதாகப் பாவித்து, ஐந்து பாகைக்கு ஒரு புள்ளி வீதம் கட்டம் போட்டு, புள்ளிக்கு ஒரு திருத்தம் சொன்னால் போதும்.

இந்தியாவின் தென்முனையில் திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாகப் பூமியின் காந்த நடுக்கோடு போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக இருக்கும். பகலில் கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து எலக்ட்ரான்களைச் செங்குத்தாக மேலே தூக்குகின்றன. உயரே போனவை காந்தக் கோடுகள் வழியே இரு பக்கமும் சரிந்து இறங்குகின்றன. ஆகவே நடுக்கோட்டுக்கு மேலே அடர்த்தி குறைந்து, அகமதாபாத், போபால், கொல்கத்தா வாக்கில் அடர்த்தி உச்சமாகிறது. 1946-இல் ஆப்பிள்டன் இதை எடுத்துக்காட்டினார். கொல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா அதே ஆண்டில் விளக்கம் தந்தார். அந்தப் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே ஏறும் சரிவில் இருக்கிறது சித்தூர், திருப்பதி வட்டாரம். சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் இந்தத் திரை நேர்க்குத்தாக வரும் அலையிலேயே 15 மீட்டருக்கு மேல் பிழையைச் சேர்க்கும். சாய்வாக வரும் கோளின் அலைக்கு அது மூன்று மடங்குவரை போகும். ஒரு கட்டப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே அது வெகுவாக மாறிவிடும்.

சூரியன் மறைந்தால் இன்னொரு தொல்லை. கீழடுக்கு கரைந்துபோக, மேலடுக்கின் அடிப்பகுதி நிலைகுலைந்து, அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயர்கின்றன. அந்தக் குமிழிகளுக்குள் இருக்கும் சுமார் மூன்று மீட்டர் அளவுச் சுருக்கங்களிலிருந்துதான் காதங்கி ரேடாரின் அலை எதிரொலித்துத் திரும்புகிறது. மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாத மாலைகளில் இது அதிகம். குமிழிகள் வழியே வரும் ஜி.பி.எஸ். அலை மினுங்கும், வாங்கி அதைச் சற்று நேரம் தவறவிடும்.

பரிசோதனை, இழப்பு, பிறப்பு

ஆகவே ககன் வாங்கிப் பொருத்தும் பொருளாக இருக்க முடியவில்லை. இந்த வானத்தை அளந்து கட்ட வேண்டியிருந்தது. எலக்ட்ரான் அடர்த்தியைப் பதிவு செய்யும் நிலையங்களை நாடெங்கும் வைத்து, முதலில் தரவு சேர்த்தார்கள். பிறகு எட்டு தரை நிலையங்களோடு, இன்மார்சாட் கோளை வைத்துப் பரிசோதனை அமைப்பு 2007-இல் இயங்கிக் காட்டியது. முழுத் திட்டத்தின் செலவு 774 கோடி ரூபாய். கருவிகளில் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தின் பங்கு உண்டு. அயனமண்டலக் கணக்கு மட்டும் இங்கேயே பிறந்தது. ஒரே ஓடு என்ற பாவனையை விட்டுவிட்டு, வெவ்வேறு உயரங்களில் பல அடுக்குகளாகக் கணக்கிட்டு, அவற்றை ஒன்றாக இணைக்கும் முறையை இஸ்ரோவின் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். ககனின் உயிர் அதில்தான் இருக்கிறது.

திருத்தத்தை ஒலிபரப்ப இந்தியக் கோள் வேண்டும். ககன் கருவியைச் சுமந்த முதல் கோள் ஜிசாட்-4. 2010 ஏப்ரல் 15 மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-டி3 அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அப்போது நெல்லூர் மாவட்டத்தில் இருந்த அந்தத் தீவு, 2022-இல் மாவட்டங்கள் பிரிந்தபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. இந்தியாவிலேயே செய்த கிரையோஜெனிக் இயந்திரத்துக்கு அன்றுதான் முதல் பயணம். கீழடுக்குகள் சரியாக எரிந்தன. மேலடுக்கில் எரிபொருளை ஊட்டும் பம்பு நின்றுபோனது. உந்துதல் இல்லாமல் ராக்கெட் கடலில் விழுந்தது. ராக்கெட்டுக்காக நாடு வருந்தியது. ககன் குழுவுக்கு அது வானத்தில் குரல் கொடுக்க வேண்டிய வாயே போனதுபோன்ற இழப்பு.

அவர்கள் நின்றுவிடவில்லை. அடுத்த கோள்கள் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போயின: 2011 மே 21-இல் ஜிசாட்-8, 2012 செப்டம்பர் 29-இல் ஜிசாட்-10, மாற்று ஏற்பாடாக 2015 நவம்பர் 11-இல் ஜிசாட்-15. தரையில் நிலையங்கள் பதினைந்தாயின. திருவனந்தபுரம், பெங்களூரு முதல் ஜம்மு, திப்ருகர், போர்ட் பிளேர் வரை. கணக்கெல்லாம் பெங்களூருவில் நடக்கிறது.

2013 டிசம்பர் 30 அன்று, வழியில் பறப்பதற்கு ககனை நம்பலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சான்று தந்தது. 2015 ஏப்ரல் 21-இல், சரிவுப் பாதையில் உயரத்தையும் அதிலிருந்தே எடுத்து இறங்கலாம் என்ற சான்று கிடைத்தது. காந்த நடுக்கோட்டு வானத்தின் கீழ் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் அமைப்பு ககன். ககனுக்கு நான் அந்த இரண்டாவது தேதியைத்தான் பிறந்தநாள் என்பேன். இடம் சொல்வதைப் பல கருவிகள் செய்யும். உயரத்துக்கு உறுதி சொல்வதுதான் கடினம்.

உறுதி என்பதற்குத் தெளிவான பொருள் உண்டு. ககன் வாங்கி ஒவ்வொரு விநாடியும் இரண்டு விஷயங்களைக் கணக்கிடுகிறது: விமானத்தின் உயரம், அந்த உயரம் அதிகபட்சம் எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற எல்லை. இந்த எல்லை 50 மீட்டரைத் தாண்டினால், இறங்காதே என்று விமானிக்குச் சொல்லிவிடும். எங்காவது கோளாறு நேர்ந்தால் 10 விநாடிக்குள் எச்சரிக்கை வந்தாக வேண்டும் என்பது உலக விதி. குமிழிகள் கிளம்பும் மாலைகளில் எல்லை விரிந்து, சேவை சிறிது நேரம் கிடைக்காமல் போகலாம். தெரியாததைத் தெரியாது என்று சமயத்தில் ஒப்புக்கொள்ளும் இந்தக் குணமே ககனின் பெருமை. துல்லியம் அதற்குப் பிறகுதான்.

இரண்டும் வேண்டும்

ககன் வந்துவிட்டதால் ஆல்டிமீட்டரைக் கழற்றிவிடலாமா? கூடாது. திருப்பதிக்கு மேலே பறக்கும் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது, எல்லாரும் ஒரே காற்றை ஒரே விதமாக அளப்பதால்தான். வெயிலில் எல்லா ஆல்டிமீட்டரும் ஒன்றுபோலவே தவறும்; ஆகவே அவற்றுக்கு இடையேயான வித்தியாசம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஒரு விமானி ஜி.பி.எஸ். உயரத்தையும் இன்னொருவர் அழுத்த உயரத்தையும் பிடித்துக்கொண்டு பறந்தால், அந்த 250 அடி வித்தியாசம் உயிருக்கு உலை வைக்கும். விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவைக்க அழுத்த உயரமே சட்டம். மின்சாரம் போனாலும், கோள்களின் அலையை யாராவது வேண்டுமென்றே குலைத்தாலும், சிமிழ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

தரையை நெருங்கும்போது கதை மாறுகிறது. 2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு மேகத்தினூடே ஓர் ஏ-320 இறங்கியது. அன்றைய அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் வாய்தவறி 1011 என்று சொன்னார். விமானத்தின் சரிவுப் பாதை அழுத்தத்தை நம்பியிருந்தது. பத்து ஹெக்டோபாஸ்கல் பிசகால் பாதை முழுவதும் ஏறத்தாழ 280 அடி தாழ்ந்தது. ரன்வேக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் தரைக்கும் விமானத்துக்கும் இடையே 6 அடிதான் மிச்சமிருந்தது. விமானிகள் மேலே தூக்கிவிட்டார்கள். ககன் போன்ற அமைப்பின் சரிவுப் பாதையில் இந்தப் பிழை நுழையவே முடியாது. அது அழுத்தத்தைக் கேட்பதில்லை. மே வெயிலிலும் மார்கழிப் பனியிலும் பாதையின் சாய்வு மாறுவதில்லை. அப்போதும் ஆல்டிமீட்டருக்கு வேலை உண்டு: எந்த உயரத்தில் ரன்வே தெரியாவிட்டால் திரும்பி ஏற வேண்டும் என்பதை விமானி அதில்தான் பார்க்கிறார். இரண்டு உயரமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடம் அது.

2022 ஏப்ரல் இறுதியில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில், இண்டிகோவின் ஏ.டி.ஆர்.-72 ககனை வைத்து இறங்கிக் காட்டியது. பெரிய ஜெட் இல்லை. சிறு நகரங்களுக்குப் போகும் விசிறி விமானம். அது பொருத்தமான தொடக்கம். தரையிலிருந்து ரேடியோ அலையால் சரிவுப் பாதை காட்டும் ஐ.எல்.எஸ். அமைப்பை வைக்க, ரன்வே பக்கத்தில் ஆன்டெனா நட வேண்டும், பராமரிக்க வேண்டும், அவ்வப்போது விமானம் விட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்காத சிறிய விமான நிலையத்துக்கு, ககன் ரன்வேயில் ஒரு கம்பிகூட நடாமல் சரிவுப் பாதை தருகிறது. பயிற்சி விமானங்களும், நோயாளியை ஏற்றிவரும் சிறு விமானங்களும், ஹெலிகாப்டர்களும் அதிகம் பயன்பெற வேண்டியவை.

கோள்கள் மேலே இருக்கின்றன, தரை நிலையங்கள் இயங்குகின்றன, வானத்தின் குணமும் படித்தாயிற்று. மிச்சமிருப்பது தரை வேலை: சிறிய விமான நிலையம் ஒவ்வொன்றுக்கும் பாதை வரைந்து சான்று பெறுவது, சிறிய விமானங்களில் வாங்கியைப் பொருத்துவது, பறக்கக் கற்பவருக்கு இரண்டு உயரமும் ஏன் வேறுபடுகின்றன என்று முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பது. மாணவர் வாரம் ஒரு நாள் ஆல்டிமீட்டரும் ஜி.பி.எஸ்.ஸும் காட்டுவதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அன்றைய வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறித்து வந்தால், ஒரு பருவம் முடிவதற்குள் அந்த வித்தியாசத்தின் காரணம் அவருக்கு மனப்பாடமாகிவிடும். இதற்குப் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. 774 கோடியில் கட்டிய அமைப்பின் முழுப் பயன், சிறிய விமானத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த இளம் விமானிக்குப் போய்ச் சேர வேண்டும்.